அம்மாவின் கால் நரம்பு, தங்கையின் முக மங்கு: எந்தச் சிகிச்சையைத் தெரிவு செய்வது?

மாங்குளம் மகன் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் வீட்டில் இரண்டு பேருக்கு இரண்டு விதமான கரைச்சல்கள் இருக்கின்றன. இரண்டுக்கும் ஊரில் ஆளுக்கொரு வைத்தியம் சொல்லுகிறார்கள். எதை நம்பிக் காசைச் செலவழிப்பது என்று தெரியாமல்தான் இங்கே எழுதுகிறேன்.

அம்மாவுக்கு 58 வயது. பாடசாலைச் சிற்றுண்டிச்சாலையில் பதினேழு வருடம் அடுப்படியில் நின்று சமைத்தவர். இடது காலில் நரம்புகள் மண்புழுவைப் போலச் சுருண்டு புடைத்திருக்கின்றன. கடைசித் தங்கை வயிற்றில் இருந்த காலத்திலேயே அது தொடங்கிவிட்டது என்று சொல்லுவார். ஒரு வருடமாக உட்கணுக்காலுக்கு மேலே தோல் கறுத்து, பழம்புளியின் நிறத்தில் மினுங்குகிறது. இரவில் சொறிந்துகொண்டே இருப்பார். இரண்டு மாதத்துக்கு முன் கிணற்றடியில் வாளியின் விளிம்பு பட்டு உண்டான, இரண்டு ரூபாய்க் குற்றி அளவான காயம் இன்னும் மூடவில்லை. வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துக் கட்டினோம். அட்டை விட்டுக் கெட்ட இரத்தத்தை எடுத்தால் சுகமாகும் என்கிறார் அயல்வீட்டு ஐயா. வெளியூர்த் தனியார் நிலையம் ஒன்றில் காலைத் தொட்டும் பார்க்காமல், லேசர் செய்ய வேண்டும் என்று பெருந்தொகை ஒன்றைச் சொன்னார்கள்.

தங்கைக்கு 31 வயது. கிளிநொச்சியில் ஆடைத் தொழிற்சாலையில் வேலை செய்கிறாள். இரண்டாவது பிள்ளைக்குப் பிறகு இரு கன்னங்களிலும் மங்கு விழுந்தது. அழகு நிலையம் ஒன்றில் பெயரோ விபரமோ இல்லாத சிறிய வெள்ளை டப்பாவில் ஒரு கிறீம் கொடுத்தார்கள். முதல் மாதம் முகம் பளிச்சென்று வெளுத்தது. இப்போது இரண்டு நாள் பூசாமல் விட்டால் முகம் சிவந்து எரிகிறது, பருக்கள் கிளம்புகின்றன, மங்கு முன்பைவிடக் கறுத்துத் தெரிகிறது. மங்குக்கு நல்ல குளிசை இருக்கிறது, கடையில் கேட்டால் தருவார்கள் என்று கூட வேலை செய்யும் பிள்ளை ஒருத்தி சொல்லியிருக்கிறாள். அதை வாங்கிக் கொடுக்கலாமா?

கிளிநொச்சித் தாதி (ஓய்வு) எழுதியது:

தம்பி, முதலில் அம்மாவின் காலைப் பற்றிச் சொல்லுகிறேன். முகத்தைப் பற்றி மருந்து தெரிந்தவர்கள் யாராவது எழுதினால் நல்லது.

நாங்கள் நரம்பு என்று பேச்சில் சொல்லுவது உண்மையில் நாளம். காலிலிருந்து இதயத்துக்கு இரத்தத்தை மேலே ஏற்றும் குழாய் அது. இரத்தம் கீழே திரும்பாமல் இருப்பதற்காக அதனுள்ளே சிறிய வால்வுகள் இருக்கின்றன. நாங்கள் நடக்கும்போது கெண்டைக்கால் தசை இறுகி, தண்ணீர்ப் பம்பியைப் போல இரத்தத்தை மேலே தள்ளும். தசை தளரும்போது வால்வு மூடிக்கொள்ளும். வால்வு பழுதானால் ஏறிய இரத்தம் மீண்டும் கீழே இறங்கிக் கணுக்காலில் தேங்கும். ஆண்டுக்கணக்காக அந்த அழுத்தம் இருந்தால் இரத்தத்தின் சிவப்பணுக்கள் கசிந்து தோலில் இரும்புக் கறை படியும். உங்கள் அம்மாவின் கணுக்காலில் தெரியும் பழம்புளி நிறம் அந்தக் கறைதான். ஆகவே அங்கே கெட்ட இரத்தம் என்று ஒன்று இல்லை. அட்டை குடிக்கும் இரத்தம் சில மணித்தியாலங்களில் மீண்டும் வந்து நிறைந்துவிடும், வால்வு பழுதாகவே இருக்கும், அட்டை கடித்த இடம் புதிய புண்ணாகும். அந்த ஐயாவின் அன்பை நான் மதிக்கிறேன். ஆனால் இந்தக் காலில் அதைச் செய்ய விடாதீர்கள்.

சுருண்ட நாளம் உள்ள எல்லோருக்கும் சிகிச்சை தேவையில்லை. நோவில்லை, வீக்கமில்லை, தோல் நிறம் மாறவில்லை என்றால் பார்வைக்கு அழகில்லை என்பது மட்டும்தான் குறை. விரும்பினால் செய்துகொள்ளலாம், விட்டாலும் மோசமில்லை. உங்கள் அம்மா அந்த நிலையைக் கடந்துவிட்டார். தோல் கறுத்து, இறுகி, ஆறாத புண்ணும் வந்த பிறகு அது அழகுப் பிரச்சினை அல்ல. இந்தக் கிழமையே வெளிநோயாளர் பிரிவில் காட்டி, சத்திரசிகிச்சைக் கிளினிக்குக்குத் துண்டு வாங்குங்கள். அரச வைத்தியசாலையில் இதற்குப் பணம் கட்ட வேண்டியதில்லை.

புண்ணில் இலை, மஞ்சள், அன்ரிபயோற்றிக் பவுடர் எதையும் போட வேண்டாம். நாட்பட்ட கால்புண் உள்ளவர்களின் தோல் மிக எளிதாக ஒவ்வாமை கொள்ளும். கடையில் வாங்கும் நியோமைசின் கலந்த களிம்புகூட அரிப்பையும் நீரையும் கூட்டிவிடுவதை என் வார்ட்டில் பல தடவை கண்டிருக்கிறேன். சுத்தமான தண்ணீரால் கழுவி, ஒட்டாத துணி வைத்து மூடினால் இப்போதைக்குப் போதும்.

இன்னொன்றையும் வீட்டில் எல்லோரும் தெரிந்து வைத்திருங்கள். மெலிந்த தோலின் கீழே உள்ள இப்படியான நாளம் சில வேளை குளிக்கும்போது வெடித்து இரத்தம் பீறிடும். அப்போது ஆளைக் கதிரையில் இருத்தி வைக்கக் கூடாது. முழங்காலுக்கு மேலே கயிறோ துணியோ இறுக்கிக் கட்டவும் கூடாது, அது நாள இரத்தத்தை இன்னும் பீறிடச் செய்யும். நிலத்தில் படுக்க வைத்து, காலை உயர்த்தி, வெடித்த இடத்தைச் சுத்தமான துணியால் பத்து நிமிடம் விடாமல் அமர்த்திப் பிடித்தால் நிற்கும்.

இலண்டன் வாழ் ஒட்டுசுட்டான்காரர் எழுதியது:

தம்பி, லேசர் என்றதும் பயப்பட வேண்டாம். இங்கே 2013 இல் வெளியான தேசிய மருத்துவ வழிகாட்டலின்படி, பழுதான பெரிய நாளத்துக்கு முதலில் சிபாரிசு செய்வதே லேசராலோ ரேடியோ அலையாலோ உள்ளிருந்து சூடாக்கி மூடும் முறைதான். அது பொருந்தாவிட்டால் நுரை மருந்தை ஊசியால் ஏற்றி மூடுவார்கள். அதுவும் முடியாவிட்டால்தான் வெட்டி எடுக்கும் சத்திரசிகிச்சை. நான் ரேடியோ அலை முறையில் செய்துகொண்டேன். விறைப்பு ஊசி போட்டு, ஒரு மணித்தியாலத்தில் முடித்து, நடந்தே வீட்டுக்குப் போகச் சொன்னார்கள். பிரித்தானியாவில் புண் உள்ள 450 பேரிடம் நடத்தி 2018 இல் வெளியிட்ட ஆய்வில், நாளத்தை முன்கூட்டியே மூடியவர்களுக்குப் புண் ஆற நடுத்தரமாக 56 நாளும், தாமதித்தவர்களுக்கு 82 நாளும் எடுத்திருக்கின்றன. ஆகவே வசதி இருந்தால் அந்தத் தனியார் நிலையத்திலேயே செய்துவிடலாம் என்பது என் அபிப்பிராயம். காசு விடயத்தில் நானும் உதவலாம்.

முத்தையன்கட்டு வயற்காரன் எழுதியது:

அண்ணை, நீங்கள் சொன்ன முறை நல்லதாகவே இருக்கட்டும். ஆனால் உங்களுக்கு அதைச் செய்யும் முன்னர் நாளத்தில் இரத்தம் ஓடுவதைக் காட்டும் டொப்ளர் ஸ்கான் எடுத்திருப்பார்கள் அல்லவா? இந்த அம்மாவின் காலை அவர்கள் தொட்டும் பார்க்கவில்லை என்று தம்பி எழுதியிருக்கிறார். பார்க்காத காலுக்கு எப்படி விலை சொன்னார்கள்?

என் கதையைச் சுருக்கமாகச் சொல்லுகிறேன். எனக்கும் வலது காலில் இதே சுருள் நாளம். கெண்டைக்காலில் பழைய துப்பாக்கிச் சன்னக் காயத்தின் தழும்பு ஒன்று இருந்தது. அதை நான் யாருக்கும் சொல்லவில்லை, அது முடிந்துபோன கதை என்று நினைத்தேன். கிளினிக்கில் டொக்டர் அந்தத் தழும்பின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்துவிட்டு, என் கையையும் பிடித்து அதே இடத்தில் வைத்தார். உள்ளே வண்டு இரைவதுபோல ஓர் அதிர்வு இருந்தது. சன்னம் போன வழியில் நாடியும் (இதயத்திலிருந்து இரத்தத்தைக் கொண்டுவரும் குழாய்) நாளமும் ஒன்றோடொன்று ஒட்டி, நாடியின் வேகமான இரத்தம் நேரே நாளத்துக்குள் பாய்ந்துகொண்டிருந்திருக்கிறது. அதனால்தான் நாளம் புடைத்தது. எனக்குச் செய்த சிகிச்சை முற்றாக வேறு. சும்மா நாளத்தை மூடியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது. வன்னியில் காயம் படாத உடம்பு குறைவு. தம்பி, உங்கள் அம்மாவின் அந்தக் காலில் எப்போதாவது ஏதும் பட்டதா என்று கேட்டுப் பாருங்கள்.

மாங்குளம் மகன் எழுதியது:

ஐயா, நீங்கள் எழுதியதை வாசித்ததும் அம்மாவிடம் கேட்டேன். அவருக்கு 2009 இல் இடது தொடையில் ஷெல் துண்டு பட்டது. துண்டு இன்னும் உள்ளே இருக்கிறது. அப்போது அந்தக் கால் பல மாதம் வீங்கியே இருந்ததாம். அந்த நேரத்தில் அதைப் பார்க்க யாருக்கும் நேரமில்லை, பிறகு வீக்கம் வற்றிவிட்டது என்கிறார். இதைச் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

கிளிநொச்சித் தாதி (ஓய்வு) எழுதியது:

வயற்காரனுக்கு நன்றி. இந்தக் கேள்வியை நான்தான் முதலிலேயே கேட்டிருக்க வேண்டும்.

தம்பி, இப்போது இரண்டு விடயங்களைப் பார்க்க வேண்டும். ஒன்று, வயற்காரனுக்கு இருந்ததுபோல நாடியும் நாளமும் ஒட்டியிருக்கிறதா என்பது. மற்றது, எனக்கு அதிகம் யோசனையாக இருப்பது: காயப்பட்ட காலத்தில் மாதக்கணக்கில் வீங்கியிருந்தது என்றால் ஆழ்நாளத்தில் இரத்தம் கட்டியிருந்திருக்கலாம். காலில் இரண்டு பாதைகள் உண்டு: தசைக்குள்ளே போகும் ஆழ்நாளம் பெரிய தெரு; தோலின் கீழே தெரிவது ஒழுங்கை. பெரிய தெரு அடைபட்ட காலில் இரத்தம் முழுவதும் ஒழுங்கையால்தான் வீடு திரும்பிக்கொண்டிருக்கும். அந்த நிலையில் புடைத்துத் தெரிகிறது என்பதற்காக ஒழுங்கையையும் மூடிவிட்டால் கால் இன்னும் மோசமாகும். இலண்டன் தம்பி சொன்ன வழிகாட்டல் சரியானது. ஆனால் அதிலும் முதலில் ஸ்கானால் பாதையைப் பார்த்த பிறகுதான் மற்ற எல்லாம் வருகின்றன.

அழுத்தக் காலுறையையும் நீங்களாக வாங்கி மாட்ட வேண்டாம். நாடி ஓட்டம் குறைந்த காலில் இறுக்கமான காலுறை போட்டால் விரல்கள் அழுகவும் இடமுண்டு. கணுக்காலில் எடுக்கும் பிரஷரைக் கையில் எடுக்கும் பிரஷரால் வகுத்துப் பார்ப்பார்கள், 0.8 க்குக் குறைந்தால் வழமையான இறுக்கத்தில் கட்டக் கூடாது. நீரிழிவு உள்ளவர்களின் நாடி தடித்திருப்பதால் அந்த எண் பொய்யாகக் கூடிக் காட்டும். அம்மாவுக்குச் சீனி வருத்தம் இருந்தால் அதையும் சொல்லுங்கள். திடீரென்று ஒரு கால் மட்டும் வீங்கி நொந்தாலோ, மூச்சு வாங்கினாலோ கிளினிக் நாளுக்குக் காத்திருக்காமல் அன்றைக்கே கொண்டுபோங்கள்.

வவுனியா மருந்தாளர் எழுதியது:

நான் இருபது வருடமாக மருந்து கொடுக்கும் மேசைக்குப் பின்னால் நிற்பவன். தங்கையின் முகத்தைப் பற்றி எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகிவிடும், மன்னியுங்கள். இந்த விடயத்தில் எனக்கு ஆத்திரமும் கவலையும் உண்டு.

பெயரில்லாத டப்பாக் கிறீம்களில் பெரும்பாலும் இரண்டு பொருட்களில் ஒன்றோ இரண்டுமோ இருக்கும். ஒன்று ஸ்டெரொயிட்: பீற்றாமெதசோன் அல்லது அதைவிடப் பன்மடங்கு வலிய குளோபெற்றசோல். எக்சிமாவுக்கும் சொரியாசிசுக்கும் அவை அருமையான மருந்துகள், அவற்றைக் குறைசொல்ல மாட்டேன். ஆனால் முகத்தின் தோல் மெல்லியது. மாதக்கணக்கில் பூசினால் அது இன்னும் மெலிந்து, சிவப்பு நூல்போல இரத்தக் குழாய்கள் தெரியும், உதட்டோரம் மயிர் வளரும், பரு கிளம்பும். நிறுத்தினால் எரிவதும் சிவப்பதும் கிறீம் நல்லது என்பதற்கு அடையாளம் அல்ல. தோல் அந்த மருந்துக்கு அடிமைப்பட்டுவிட்டது என்பதற்கு அடையாளம். இரண்டாவது பொருள் பாதரசம். 2013 இல் உலக நாடுகள் செய்துகொண்ட மினமாட்டா உடன்படிக்கை அழகுப் பொருளில் பத்து இலட்சத்தில் ஒரு பங்குக்கு மேல் பாதரசம் இருக்கக் கூடாது என்றது. பாதரசம் சிறுநீரகத்தைப் பழுதாக்கும்; அதன் ஆவி துவாயிலும் தலையணையிலும் தங்கி, தாயோடு படுக்கும் குழந்தைக்கும் போய்ச் சேரும். வெள்ளி, தங்கம், அலுமினிய நகைகளில் படவிடாதீர்கள் என்று ஒரு கிறீமில் எழுதியிருந்தால் உள்ளே பாதரசம் இருக்கிறதென்று சந்தேகியுங்கள்.

ஒரு நாள் ஒரு தாய் இப்படியான டப்பாவை என் மேசையில் வைத்து, இதுபோல இன்னொன்று தாருங்கள் என்றார். மூடியைத் திறந்தால் முத்து நிறத்தில் மினுங்கும் பசை, அடியில் விரல் வழித்த தடம். அவருடைய கன்னத்தில் வெயில் படாத இடத்திலும் சிவப்புக் கோடுகள் ஓடியிருந்தன. மகளின் சாமத்திய வீட்டுக்கு முகம் வெளுக்க வேண்டும் என்று தொடங்கியதாம், மகளுக்கும் பூசியிருக்கிறார். அந்தப் பிள்ளைக்குப் பன்னிரண்டு வயது.

இனிச் செய்ய வேண்டியது இதுதான். டப்பாவை எறியாமல் ஒரு பையில் மூடிக் கட்டி, தோல் கிளினிக்குக்குக் கொண்டுபோகச் சொல்லுங்கள். என்ன பூசினாள், எத்தனை மாதம் என்பதை மறைக்காமல் சொல்லட்டும். நிறுத்திய பிறகு முகம் சில கிழமைகள் மோசமாகத்தான் இருக்கும். அதைத் தாங்குவதற்கு டொக்டர் மருந்து தருவார். அந்த நாட்களில் பயந்து மீண்டும் டப்பாவைத் தேடுவதால்தான் பலர் இதிலிருந்து வெளியே வர முடியாமல் இருக்கிறார்கள். வீட்டிலுள்ளவர்கள் அவளுடைய முகத்தைப் பார்த்து எதுவும் சொல்லாமல் இருப்பது பெரிய உதவி.

மங்குக்கு மருந்து இல்லாமல் இல்லை. அசெலயிக் அமிலக் கிறீம் மெதுவாக வேலை செய்யும், பாலூட்டுபவர்களுக்கும் பொருந்தும். ஹைட்ரோகுயினோன் வலுவானது, அதை டொக்டரின் பார்வையில் சில மாதம் மட்டும் பூசலாம், ஆண்டுக்கணக்கில் பூசினால் நீலக் கறுப்பாக அழியாத கறை விழும். மங்குக்குப் பூசும் இன்னொரு மருந்தான ட்ரெட்டினொயினைக் கர்ப்ப காலத்தில் தவிர்க்க வேண்டும். எந்த மருந்தைப் பூசினாலும் வெயிலை மறைக்காவிட்டால் பயனில்லை. மங்கு புற ஊதாக் கதிருக்கு மட்டுமல்ல, கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்துக்கும் கறுக்கும். ஆகவே இரும்பு ஒக்சைட் கலந்த, தோலின் நிறத்தில் உள்ள வெயில் கிறீம் வெள்ளைக் கிறீமைவிட மங்குக்குப் பொருத்தம். ஏ9 வீதியில் மத்தியான வெயிலில் ஸ்கூட்டியில் போகிறவளுக்குக் கிறீம் மட்டும் போதாது, முகத்தைத் துணியாலும் மறைக்க வேண்டும். நமது நிறத் தோலுக்கு அழகு நிலையங்களில் செய்யும் லேசரும் அமிலத் தோலுரிப்பும் பல வேளை மங்கைக் கூட்டிவிடுகின்றன. அவற்றை முதல் வழியாக எடுக்க வேண்டாம்.

கடைசியாக அந்தக் குளிசை. அது ட்ரனெக்சாமிக் அமிலமாக இருக்க வேண்டும். இரத்தப் போக்கை நிறுத்தக் கொடுப்பது. சிறிய அளவில் மங்குக்கும் உண்மையாகவே கேட்கும். ஆனால் கட்டிய இரத்தத்தைக் கரைய விடாமல் காப்பதுதான் அதன் வேலை. காலில் இரத்தக் கட்டி வந்தவர்களுக்கும் வரக்கூடியவர்களுக்கும் அதைக் கொடுக்கக் கூடாது. தங்கை கருத்தடைக் குளிசை எடுக்கிறாளா என்று கேளுங்கள். இரண்டு ஹோர்மோன் சேர்ந்த குளிசை மங்கையும் கூட்டும், நாளத்தில் இரத்தம் கட்டும் அபாயத்தையும் கூட்டும். அதன் மேல் இதையும் விழுங்கினால் முகத்துக்கு எடுத்த மருந்து காலில் வந்து முடியும். என்னிடம் கேட்டு வருபவர்களுக்கு டொக்டரின் துண்டு இல்லாமல் நான் கொடுப்பதில்லை.

நெடுங்கேணி ஆசிரியர் எழுதியது:

இழையோடு சேர்ந்ததுதான் என்பதால் கேட்கிறேன். என் மாணவன் ஒருவனுக்குக் கன்னத்தில் சிவந்த சிறு கட்டி, நான்கு மாதமாக நோவும் இல்லை, அரிப்பும் இல்லை. இப்போது நடுவில் குழி விழுந்து பொருக்குப் பிடித்திருக்கிறது. பரு என்று நினைத்து அக்காவின் கிறீமைப் பூசுகிறானாம்.

வவுனியா மருந்தாளர் எழுதியது:

ஆசிரியரே, அதை உடனே நிறுத்தச் சொல்லுங்கள். பரு நான்கு மாதம் ஒரே இடத்தில் நோவின்றி நிற்பதில்லை. மணல் ஈ கடித்து வரும் லீஷ்மேனியாசிஸ் இப்படித்தான் தொடங்கும். 1992 இல் இலங்கையிலேயே தொற்றிய முதல் நோயாளர் கண்டறியப்பட்டார். 2008 முதல் சுகாதாரத் திணைக்களத்துக்கு அறிவிக்க வேண்டிய நோயாக இருக்கிறது. அநுராதபுரத்திலும் நமது வவுனியாப் பக்கத்துக் காட்டோரங்களிலும் உண்டு. புண்ணில் சிறிது சுரண்டி எடுத்துப் பரிசோதித்தால் தெரிந்துவிடும். கட்டிக்குள் ஊசி போட்டோ திரவ நைதரசனால் உறைய வைத்தோ மாற்றலாம். ஸ்டெரொயிட் கிறீம் அதன் அடையாளத்தை மறைத்து, நோயை வளர விடும். அதுபோலவே வெளிறிய படை ஒன்றில் தொட்டால் உணர்வு இல்லை என்றால் தேமல் என்று விட்டுவிடாதீர்கள். தொழுநோயா என்று பார்க்க வேண்டும். அதற்கு மருந்து இலவசம், படைகளின் எண்ணிக்கையைப் பொறுத்து ஆறு மாதமோ பன்னிரண்டு மாதமோ எடுத்தால் முற்றாக மாறும்.

மாங்குளம் மகன் எழுதியது:

நான்கு மாதத்துக்குப் பிறகு வருகிறேன். பதில் எழுதிய எல்லோருக்கும் எங்கள் வீட்டின் நன்றி.

அம்மாவுக்கு டொப்ளர் எடுத்தார்கள். நிற்க வைத்துத்தான் எடுத்தார்கள், அரை மணித்தியாலம் ஆனது. நாடியும் நாளமும் ஒட்டவில்லை. ஆனால் தாதி அம்மா பயந்ததுபோலத் தொடையின் ஆழ்நாளத்தில் பழைய கட்டி இறுகி, பாதை பாதிக்கு மேல் ஒடுங்கியிருக்கிறது. மேலே தெரியும் நாளங்களை மூடவே கூடாது என்று சத்திரசிகிச்சை நிபுணர் கொப்பியில் எழுதி, அடிக்கோடும் போட்டார். கணுக்கால் அளவீடு 1.0 வந்தது. கிழமைக்கு இரண்டு தடவை விரலடியிலிருந்து முழங்கால் வரை பண்டேஜ் சுற்றினார்கள். ஒன்பதாவது கிழமை புண் மூடிவிட்டது. இப்போது காலுறை. தனியார் நிலையத்துக்கு ஒரு சதமும் கொடுக்கவில்லை; இலண்டன் அண்ணா அனுப்புவதாகச் சொன்ன காசு காலுறைக்கும் போக்குவரத்துக்குமே போதும்.

தங்கைக்கு நடுவில் மூன்று கிழமை மிகக் கஷ்டமாக இருந்தது. வேலைக்குப் போகாமல் அழுதாள். இப்போது எரிவு இல்லை. மங்கு முற்றாகப் போகவில்லை, வெளிறியிருக்கிறது. குடும்பநல உத்தியோகத்தரோடு பேசிக் கருத்தடை முறையையும் மாற்றிக்கொண்டாள்.

ஒரு கேள்வி மட்டும் மிச்சம். காலுறை தளர்ந்ததுபோல இருக்கிறது. அம்மா தோய்த்து வெயிலில் காயப் போடுகிறார். புதிது வாங்கும்போது பழைய அளவையே கேட்கலாமா?

கிளிநொச்சித் தாதி (ஓய்வு) எழுதியது:

பழைய அளவைக் கேட்க வேண்டாம் தம்பி, வீக்கம் வற்றிய காலுக்கு அது பெரிதாக இருக்கும். விடியக் காலையில் அம்மா கட்டிலால் இறங்க முன்னரே கணுக்காலின் ஒடுங்கிய இடத்தையும் கெண்டையின் தடித்த இடத்தையும் நாடாவால் அளந்து, நிலத்திலிருந்து முழங்கால் வரையான உயரத்தையும் எழுதிக்கொண்டு போங்கள். வெயிலில் போட்டால் அதிலுள்ள இழை செத்துவிடும். நிழலில் விரித்துக் காய விடச் சொல்லுங்கள். இரண்டு சோடி வாங்கி மாற்றி மாற்றிப் போட்டால் ஆறு மாதம் தாக்குப் பிடிக்கும்.